பழைய விண்வெளி சாகசக் கதைகள்: காசைக் கரைக்காமல் படிக்கத் தொடங்கும் வழி

ஒரு கதையைக்கூட உருப்படியாகப் படித்து முடிப்பதற்குள் என் கையிலிருந்து 4,289 ரூபாய் போயிருந்தது. அந்தக் கணக்கை முதலில் சொல்லிவிடுகிறேன், அப்புறம் வழியைச் சொல்கிறேன்.

அமெரிக்காவில் 1930, 40களில் சாணித்தாளில் அச்சாகி, தெருமுனைக் கடைகளில் சில்லறைக்கு விற்ற விண்வெளி சாகசப் பத்திரிகைகளைப் பற்றிக் கேள்விப்பட்டு ஆசை வந்தது. ராக்கெட், கதிர்த் துப்பாக்கி, செவ்வாயில் பாழடைந்த நகரங்கள், ஓட்டமோ ஓட்டம். முதலில் 899 ரூபாய்க்கு ஒரு புத்தகம் வரவழைத்தேன். ஆர்டர் வந்த பிறகு அச்சடித்து அனுப்பும் ரகம். பழைய பக்கங்களை இயந்திரத்தில் கொடுத்து எழுத்தாக்கியிருக்கிறார்கள், யாரும் திரும்பிப் பார்க்கவில்லை. ஆங்கிலத்தில் ‘ஆர்’, ‘என்’ இரண்டும் ஒட்டி நின்ற இடத்தையெல்லாம் இயந்திரம் ‘எம்’ என்று படித்துவிட்டது. அதனால் ராக்கெட் ‘பர்ன்’ (எரிதல்) ஆக வேண்டிய இடத்திலெல்லாம் ‘பம்’ (பிட்டம்) ஆனது. இருபது பக்கம் சிரித்தேன், பிறகு எரிச்சல் வந்து மூடிவிட்டேன். அடுத்து 640 ரூபாய்க்கு ஆறு நாவல்கள் சேர்ந்த மின்னூல் தொகுப்பு. ‘முதல் பாகம்’ என்று போட்டிருந்ததில் நாற்பதாம் பக்கம் தாண்டவில்லை. மூன்றாவது, தபால் செலவோடு 2,750 ரூபாய்க்கு வெளிநாட்டிலிருந்து வந்த நிஜப் பத்திரிகை, 1951ஆம் ஆண்டு இதழ். உறையைப் பிரித்து, ஆசையாக முதல் தாளைப் புரட்டினேன். தாளின் மூலை அப்பளம் மாதிரி உடைந்து விரலோடு வந்துவிட்டது.

இந்த ரகக் கதைகள் ஏராளமாக நல்ல பிரதியில், சட்டப்படி, சல்லிக்காசு இல்லாமல் கிடைக்கின்றன என்று தெரிய எனக்கு எட்டு மாதம் ஆனது. நீங்கள் ஒரு மாலைப் பொழுதில் முடித்துவிடலாம். ஒரு விஷயம் மட்டும்: இவை பெரும்பாலும் தமிழில் இல்லை, ஆங்கிலத்தில்தான் படிக்க வேண்டும். செய்தித்தாள் ஆங்கிலம் புரிந்தால் போதும்.

1. இது உங்களுக்குச் சரிப்படுமா என்று பாருங்கள்

‘அறிவியல் புனைகதை’ என்றதும் கனமான தத்துவத்தை எதிர்பார்ப்பவர் என்றால் இங்கே ஏமாந்துபோவீர்கள். இது பேருந்து நிலையத்தில் வாங்கும் பாக்கெட் நாவலுக்கு உறவுக்கார ஜாதி. எழுதியவருக்குப் பெரும்பாலும் சொல்லுக்கு ஒரு சென்ட், பல சமயம் அதுவும் இல்லை. ‘பிளானெட் ஸ்டோரீஸ்’ பத்திரிகை 20 சென்ட்டுக்கு விற்றது. கடையில் நின்றபடி புரட்டிப் பார்ப்பவனை முதல் பக்கத்திலேயே பிடித்து நிறுத்தாவிட்டால் அவன் பக்கத்துப் பத்திரிகையை எடுத்துவிடுவான். ஆகவே இந்தக் கதைகளில் கதாநாயகனின் சின்ன வயசுச் சோகமெல்லாம் கிடையாது. கதை தொடங்கும்போதே அவன் ஏதாவது ஒரு சிக்கலில் இருப்பான்.

என்னை மடக்கிப் போட்ட இடம் எது என்று சொன்னால் உங்களுக்கே தெரிந்துவிடும். ஸ்டான்லி வெய்ன்பாம் 1934இல் எழுதிய ‘எ மார்ஷியன் ஒடிஸி’யில் ஒருவன் செவ்வாயில் விபத்துக்குள்ளாகி, தன் கப்பலை நோக்கி நடந்தே வருகிறான். வழித்துணைக்கு, நீண்ட அலகுள்ள பறவை மாதிரி ஓர் உயிர். பெயர் ட்வீல். பாலைவனத்தில் அவர்கள் கண்ணில் வரிசையாகச் சின்னச் சின்னப் பிரமிடுகள் படுகின்றன. முதலில் அரையடி உயரம்தான். உச்சி உடைந்து, உள்ளே காலி. போகப்போகப் பிரமிடுகள் பெரிதாகிக்கொண்டே வருகின்றன. கடைசியில் ஒன்று, உச்சி உடையாமல் நிற்கிறது. இவர்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே உச்சிக் கற்கள் உருண்டு விழ, உள்ளிருந்து ஒரு பிராணி தன்னைத்தானே இழுத்துக்கொண்டு வெளியே வருகிறது. கொஞ்ச தூரம் நகர்ந்து உட்கார்கிறது. பத்து நிமிடத்துக்கு ஒரு தடவை வாயிலிருந்து ஒரு செங்கல்லை எடுத்து, தன்னைச் சுற்றி வைக்கிறது. அதற்குக் கண் இல்லை, காது இல்லை, இவர்களைப் பற்றி அக்கறையும் இல்லை. நம் உடம்பு கரியால் ஆனது, அதன் உடம்பு சிலிக்கானால் ஆனது. நாம் மூச்சில் கரியமில வாயுவை விடுகிறோம். அதன் கழிவு மணலின் பொருளான சிலிக்கா, அதாவது அந்தச் செங்கல்.

இவ்வளவும் சில பக்கங்கள்தான். இன்றைக்கு ஒருவர் எழுதினால் இந்தப் பிராணிக்கே ஒரு முந்நூறு பக்க நாவல் கொடுத்துவிடுவார். வெய்ன்பாம் அடுத்த ஆபத்துக்குப் போய்விடுகிறார். கையில் இருக்கிற சரக்கை இப்படி வாரி இறைத்துவிட்டுப் போகிற அந்தத் தாராளம்தான் இந்த வகையின் ருசி என்பேன். மேலே சொன்னதைப் படிக்கும்போது ‘அடுத்து என்ன’ என்று தோன்றியிருந்தால் தொடருங்கள். ‘இதற்கு என்ன அர்த்தம்’ என்று தோன்றியிருந்தால் உங்களுக்கு வேறு கடை.

2. நான்கு இணையதளங்களைக் குறித்துக்கொள்ளுங்கள்

பிராஜெக்ட் குட்டன்பெர்க்: கதையின் எழுத்து வடிவம் இங்கே. தன்னார்வலர்கள் வரி வரியாகப் பிழை பார்த்தது. ‘பர்ன்’ இங்கே ‘பர்ன்’ ஆகவே இருக்கும். கணக்குத் தொடங்க வேண்டாம், பணம் வேண்டாம்.

இன்டர்நெட் ஆர்கைவ்: முழுப் பத்திரிகையின் ஸ்கேன். அட்டை, படங்கள், வாசகர் கடிதம், தசை வளர்க்கும் விளம்பரம் எல்லாவற்றோடும்.

லிப்ரிவாக்ஸ்: அதே கதைகளை யாராவது வாசித்துப் பதிவு செய்திருப்பார்கள். இலவசம். குரல் தரம் ஆளுக்கு ஆள் மாறும், ஐந்து நிமிடம் கேட்டுப் பிடிக்காவிட்டால் வேறு வாசிப்பு இருக்கிறதா என்று பாருங்கள்.

ஐஎஸ்எஃப்டிபி (ISFDB, Internet Speculative Fiction Database): இது படிக்க அல்ல, விசாரிக்க. எந்தக் கதை எந்த இதழில், எந்த ஆண்டு, எவ்வளவு நீளம், பின்னால் எந்தெந்தப் பெயரில் மறுபதிப்பு ஆனது எல்லாம் இருக்கும் அட்டவணை. தலைப்பை மாற்றி ஒரே கதையை இரண்டு தடவை விற்பது இந்த உலகத்தில் சகஜம். காசு கொடுத்து எதையும் வாங்குவதற்கு முன் இங்கே ஒரு நிமிடம் பார்த்துவிடுங்கள். நான் பார்த்திருந்தால் 640 ரூபாய் மிச்சம்.

3. முதல் பக்கத்துக் குறிப்பைப் படியுங்கள்

எல்லோரும் தாண்டிப்போகும் இடம் இது. குட்டன்பெர்க்கில் இந்த வகைக் கதையைத் திறந்தால் பெரும்பாலும் தொடக்கத்திலேயே ஒரு சிறு குறிப்பு இருக்கும்: இந்தப் பிரதி இன்ன பத்திரிகையின் இன்ன மாத இதழிலிருந்து எடுக்கப்பட்டது, நன்றாகத் தேடியும் அமெரிக்கக் காப்புரிமை புதுப்பிக்கப்பட்டதற்கான ஆதாரம் கிடைக்கவில்லை. இதுதான் உங்கள் ஆவணம்.

விஷயம் எளிது. அமெரிக்காவில் 1964க்கு முன் வெளியானவற்றுக்கு, 28ஆம் ஆண்டில் விண்ணப்பம் போட்டுக் காப்புரிமையைப் புதுப்பிக்க வேண்டியிருந்தது. சாணித்தாள் பத்திரிகைகளில் பல அதற்குள் மூடப்பட்டிருந்தன, விண்ணப்பம் போட ஆள் இல்லை. கதைகள் யாரும் பயன்படுத்தக்கூடிய பொதுச் சொத்து ஆகிவிட்டன. வெளியாகி 95 ஆண்டு முடிந்தவற்றுக்கு இந்தச் சோதனையே தேவையில்லை. ஒரு கதை எவ்வளவு தேடியும் குட்டன்பெர்க்கில் இல்லை என்றால், அதை யாரோ ஒழுங்காகப் புதுப்பித்திருக்கலாம், அல்லது தன்னார்வலர்கள் இன்னும் அதைத் தொடாமல் இருக்கலாம். அதை மட்டும் காசு கொடுத்து வாங்குங்கள்.

அந்தக் குறிப்பில் உள்ள இதழின் பெயரையும் மாதத்தையும் எழுதி வைத்துக்கொள்ளுங்கள். ஆறாவது படியில் வேண்டும்.

இந்தக் கணக்கு அமெரிக்காவுக்கு மட்டுமே. இந்தியாவில் எழுத்தாளர் இறந்த பிறகு 60 ஆண்டு, மலேசியாவில் 50, இலங்கையிலும் சிங்கப்பூரிலும் 70. வேறு எங்கே இருந்தாலும் உங்கள் ஊர்க் கணக்கை நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

4. முதல் மூன்று கதைகள், இந்த வரிசையில்

வரிசை முக்கியம். நான் தப்பான முனையில் தொடங்கியதால்தான் எட்டு மாதம் போனது.

முதலில் ‘எ மார்ஷியன் ஒடிஸி’. ஏறக்குறைய 10,000 சொற்கள். சென்னை மின்ரயிலில் தாம்பரத்தில் ஏறி உட்கார்ந்தால் கடற்கரை நிலையம் வருவதற்குள் முடிந்துவிடும். நான் அப்படித்தான் முடித்தேன், ஃபோர்ட்டில் கடைசிப் பக்கம்.

இரண்டாவது, லீ பிராக்கெட் எழுதிய ‘பிளாக் அமேசான் ஆஃப் மார்ஸ்’. ‘பிளானெட் ஸ்டோரீஸ்’, மார்ச் 1951. ஒரு குறுநாவல் அளவு, எனக்கு இரண்டரை மணி நேரம் பிடித்தது. செவ்வாயின் வடக்கே உறைபனி, சாகக்கிடக்கும் ஒரு நண்பன், அவன் திருடிவந்த ஒரு தாயத்து. அதை ஊரில் சேர்ப்பதாக வாக்குக் கொடுக்கும் எரிக் ஜான் ஸ்டார்க். இவ்வளவும் தொடக்கத்திலேயே. பிராக்கெட்டிடம் மற்றவர்களிடம் இல்லாத ஒன்று உண்டு: அவருடைய செவ்வாய் கிழடு தட்டிப்போன கிரகம். சண்டைக் காட்சிக்கு நடுவே கூட அந்தக் களைப்பு தெரியும். அவர் எழுதிய எதையும் நம்பி எடுக்கலாம்.

மூன்றாவது, ஹெச். பீம் பைப்பரின் ‘ஃபோர்-டே பிளானெட்’. இது 1961இல் புத்தகமாகவே வந்தது, பத்திரிகைக் கதை இல்லை. ஆனால் ரகம் அதே. ஆண்டுக்கு நான்கே நாள் உள்ள ஒரு கிரகம். ஒரு பகல் என்றால் ஏறக்குறைய ஆயிரம் மணி நேரம் வெயில், பிறகு அதே அளவு இருட்டு. கடலில் பூதாகரமான விலங்குகளை வேட்டையாடி மெழுகு எடுத்து விற்கிறார்கள். வேட்டைக்காரர்களின் கூட்டுறவுச் சங்கத்தில் ஊழல். கதை சொல்பவன் ஊர்ப் பத்திரிகையில் வேலை பார்க்கும் பதினேழு வயசுப் பையன். ஐந்தாறு மணி நேரம் ஆகும். மீனவர் சங்கம், கூட்டுறவு சொசைட்டி அரசியலை அருகிலிருந்து பார்த்தவர்களுக்கு இதில் அன்னியமாக எதுவும் இருக்காது.

மூன்றையும் குட்டன்பெர்க்கில் எடுக்கலாம், ஆனால் பிராக்கெட் 1978இல் இறந்தவர் என்பதால் மேலே சொன்ன உங்கள் ஊர்க் கணக்கையும் பார்த்துக்கொள்ளுங்கள். மூன்றும் பிடிக்கவில்லை என்றால் விட்டுவிடுங்கள், உங்கள் மேல் தப்பில்லை.

5. நேரத்தை முன்கூட்டியே கணக்கிடுங்கள்

ஐஎஸ்எஃப்டிபியில் ஒவ்வொரு கதைக்கும் நீள வகை போட்டிருக்கும். 7,500 சொல்லுக்குள் என்றால் சிறுகதை. 17,500 வரை நாவலெட். 40,000 வரை நாவெல்லா. அதற்கு மேல் நாவல். ஆங்கிலத்தை நிமிடத்துக்கு 180 சொல் வேகத்தில் படிப்பவருக்குச் சிறுகதை அதிகபட்சம் நாற்பத்திரண்டு நிமிடம், நாவலெட் ஒன்றேமுக்கால் மணி நேரத்துக்குள் முடியும். நாவெல்லாவுக்கு ஒரு ஞாயிறு மதியம் வேண்டும்.

ஒரே நாளில் மூன்று படிக்காதீர்கள். மாதாமாதம் ஒரு இதழ் வாங்குகிறவனுக்காக எழுதப்பட்டவை இவை. அடுக்கிப் படித்தால் எல்லாக் கதாநாயகனும் ஒரே தாடையோடு தெரிவான், எல்லா வில்லனும் ஒரே சிரிப்பு சிரிப்பான். கேசரி இரண்டாவது கிண்ணத்தில் திகட்டுகிற மாதிரி. நான் வாரத்துக்கு ஒன்று என்று வைத்திருக்கிறேன், இரண்டு ஆண்டாக அலுக்கவில்லை.

6. எழுத்தை ஒரு திரையில், ஸ்கேனை இன்னொரு திரையில்

படிப்பதற்கு குட்டன்பெர்க்கின் இபப் (EPUB) என்ற மின்னூல் கோப்பை இறக்குங்கள். படங்கள் இல்லாதது சில நூறு கேபிதான். பெரும்பாலான மின்னூல் செயலிகளில் திறக்கும். கிண்டில் இருந்தால் அதற்கு அனுப்பும் வசதியில் இபப் கோப்பை நேராகவே அனுப்பலாம், மாற்ற வேண்டாம்.

பிறகு, குறித்து வைத்த இதழை ஆர்கைவில் தேடுங்கள். பத்திரிகையின் பெயர், ஆண்டு, மாதம் மூன்றையும் சேர்த்துப் போட்டால்தான் கிடைக்கும், கதையின் பெயரைப் போட்டால் சும்மா சுற்ற வைக்கும். ஸ்கேன் கோப்பு பெரிது, ஒரு இதழே நூறு எம்பியைத் தாண்டலாம். ஆகவே வைஃபை உள்ள இடத்தில் இறக்குங்கள், அல்லது இறக்காமல் அங்கேயே புரட்டுங்கள். கைப்பேசியில் ஸ்கேனைப் படிக்க முயலாதீர்கள். அந்தப் பத்திரிகைகள் ஏழுக்குப் பத்து அங்குல அளவு, இரண்டு பத்தியாக அச்சானவை. ஒவ்வொரு பக்கத்துக்கும் நான்கு தடவை பெரிதாக்கி நகர்த்தி, கண் போய்விடும்.

அப்படியானால் ஸ்கேன் எதற்கு? கதையை முடித்த பிறகு புரட்டிப் பார்க்க. ‘பிளானெட் ஸ்டோரீஸ்’ வாசகர் கடிதப் பகுதிக்கு ‘விசிகிராஃப்’ என்று பெயர். போன இதழில் எந்தக் கதை தேறியது, எது குப்பை என்று வாசகர்கள் ஒருவரையொருவர் வெட்டிக்கொண்டு எழுதுவார்கள். நல்ல கடிதம் என்று வாசகர்கள் ஓட்டுப்போட்டுத் தேர்ந்தெடுத்தவர்களுக்குப் பரிசு, இதழில் வந்த படத்தின் அசல் ஓவியம். கதையைப் படித்துவிட்டு அடுத்த இதழின் கடிதங்களைப் படித்தால் டீக்கடையில் உட்கார்ந்து சண்டை கேட்கிற சுகம். சில வாரம் கதையை விட எனக்கு இதுதான் பிடித்தது.

7. நான் விழுந்த குழிகள்

‘முதல் பாகம்’ என்ற பொய். ஈ. ஈ. ஸ்மித்தின் லென்ஸ்மேன் வரிசையில் ‘டிரிப்பிளானெட்டரி’க்குத்தான் முதல் எண். ஆனால் அது 1934இல் தனிக் கதையாக வந்தது. 1948இல் புத்தகமாக்கும்போது முன்னால் நிறைய அத்தியாயம் சேர்த்து, வரிசைக்கு முன்கதையாக ஒட்டினார்கள். வரிசை உண்மையில் தொடங்கியது 1937இல் வந்த ‘கலாக்டிக் பேட்ரோ’லில். நான் நாற்பதாம் பக்கத்தில் மூச்சுத் திணறிய புத்தகம் அந்த ஒட்டுப்போட்ட ‘டிரிப்பிளானெட்டரி’தான். எந்தத் தொடரானாலும் பாக எண்ணைப் பார்க்காதீர்கள், வெளியான ஆண்டைப் பாருங்கள்.

ஒரே பெயர், இரண்டு கதை. அதே ஸ்மித்தின் ‘தி ஸ்கைலார்க் ஆஃப் ஸ்பேஸ்’ 1928இல் பத்திரிகையில் வந்த வடிவம் ஒன்று, 1958 பேப்பர்பேக்குக்காகத் திருத்திய வடிவம் இன்னொன்று. குட்டன்பெர்க்கில் இருப்பது பழையது. நண்பர் ஒருவரும் நானும் ஆளுக்கு ஒன்றைப் படித்துவிட்டு அரைமணி நேரம் சண்டை போட்டோம். இரண்டுமே தொடக்கக்காரருக்கு வேண்டாம் என்பது என் கட்சி. காதல் வசனம் தாங்காது.

தொடர்கதையின் நடுப்பாகம். ஆர்கைவில் இதழ் இதழாகப் படிக்கும்போது, உள்ளடக்கத்தில் ‘மூன்றில் இரண்டாம் பகுதி’ என்ற மாதிரி ஏதாவது இருக்கிறதா என்று பாருங்கள். ‘பிளானெட் ஸ்டோரீஸ்’ மாதிரி இதழ்களில் இந்தத் தொல்லை குறைவு. ‘அஸ்டவுண்டிங்’ இதழில் அதிகம்.

அட்டைப்படம். அட்டையில் இருக்கும் காட்சி கதையில் வரும் என்று நம்பி உட்காராதீர்கள். சில சமயம் ஓவியம் முதலில் தயாராகிவிடும், அதற்கேற்பக் கதை எழுதச் சொல்வார்கள். சில சமயம் அதுவும் நடக்காது.

மலிவுத் தொகுப்பு. ‘ஐம்பது கிளாசிக் கதைகள், 80 ரூபாய்’ என்று மின்னூல் கடைகளில் தொங்கும். 80 ரூபாய் பெரிய பணம் இல்லைதான். ஆனால் பல தொகுப்புகள் குட்டன்பெர்க் கோப்புகளை அப்படியே அள்ளிப் போட்டவை, கூடவே மூன்றாவது படியில் சொன்ன குறிப்பை வெட்டிவிட்டவை. எந்த இதழ், எந்த ஆண்டு என்பது உங்களுக்குத் தெரியாமல் போகும்.

8. எதற்குச் சண்டை போடக்கூடாது, எதற்குப் போடலாம்

வெள்ளிக் கிரகத்தில் சதுப்புக்காடு இருக்கும். புதனில் ஒரு பக்கம் எப்போதும் பகல், மறுபக்கம் எப்போதும் இரவு, நடுவே வசிக்கத் தோதான அந்தி வளையம். செவ்வாயில் கால்வாய். இதெல்லாம் தப்பு என்று உங்களுக்கும் எனக்கும் தெரியும். எழுதியவர்களுக்குத் தெரிய வழியில்லை: மரைனர் 2 விண்கலம் வெள்ளியின் சூட்டை அளந்தது 1962 டிசம்பரில், மரைனர் 4 செவ்வாயைப் படம் எடுத்து அனுப்பியது 1965 ஜூலையில். சதுப்புக்காட்டை ராமாயணத்துப் புஷ்பக விமானம் மாதிரி எடுத்துக்கொண்டு போய்விடுங்கள்.

இன்னொன்று அவ்வளவு சுலபமாகத் தாண்ட முடியாதது. அந்தக் காலத்து இனவெறி பல கதைகளில் அப்படியே இருக்கிறது. 1928இல் வந்த, விண்வெளி நாயகன் பக் ரோஜர்ஸின் முதல் கதையே ஆசியப் படையெடுப்பாளர்களுக்கு எதிரான இனப் போர்தான். பெண்கள் பல கதைகளில் அலறுவதற்கும் தூக்கிச் செல்லப்படுவதற்கும் மட்டுமே வருவார்கள். நம்மைப் போன்ற நிறத்தில் ஒருவன் வந்தால் அவன் பெரும்பாலும் வில்லனின் எடுபிடி. முகம் சுளித்தால் அந்த இடத்திலேயே மூடிவிடுங்கள், ‘காலம் அப்படி’ என்று சொல்லிக்கொண்டு முடித்தாக வேண்டிய கட்டாயம் எதுவும் இல்லை. படிக்க ஆயிரக்கணக்கில் வேறு இருக்கின்றன. மேலே நான் பிராக்கெட்டையும் வெய்ன்பாமையும் முன்னால் வைத்ததற்கு இதுவும் ஒரு காரணம். ட்வீலை நாயகன் கடைசிவரை சமமான நண்பனாகத்தான் நடத்துகிறான்.

9. அகராதி: விண்வெளி வேண்டாம், கடல் போதும்

எனக்கு ஆங்கிலத்தில் தடுக்கியது அறிவியல் சொற்கள் இல்லை, கப்பல் சொற்கள். இவர்களின் ராக்கெட்டுகள் எல்லாம் உண்மையில் கப்பல்கள். ‘போர்ட்’ என்றால் இடது, ‘ஸ்டார்போர்டு’ வலது, ‘பவ்’ முன்பக்கம், ‘ஸ்டெர்ன்’ பின்பக்கம், ‘பல்க்ஹெட்’ உள்தடுப்புச் சுவர், ‘கேலி’ சமையல் அறை. ‘பிளாஸ்டர்’ துப்பாக்கி. ‘ஈதர்’ என்று வந்தால் வானொலி அலை போகும் வெளி என்று எடுத்துக்கொள்ளுங்கள். இந்த எட்டுச் சொல் தெரிந்தால் பாதித் தடை போய்விட்டது. மீதியை யூகிக்கலாம், யூகம் தவறினாலும் கதை நிற்காது.

10. மொழிபெயர்க்கும் ஆசை வந்தால்

நாலு கதை படித்ததும் வரும், எனக்கும் வந்தது. இங்கே குட்டன்பெர்க் குறிப்பை மட்டும் நம்பி இறங்காதீர்கள். இந்தியாவில் இருந்து வெளியிடுவதாக இருந்தால் பாதுகாப்பான கணக்கு இது: எழுத்தாளர் இறந்த ஆண்டோடு 60 கூட்டுங்கள், அதற்கு அடுத்த ஜனவரி 1 முதல் தைரியமாகச் செய்யலாம். வெய்ன்பாம் 1935இல் இறந்தவர், பிரச்சினையே இல்லை. பைப்பர் 1964, ஆக 2025 ஜனவரி முதல். ஈ. ஈ. ஸ்மித் 1965, ஆக 2026 ஜனவரி முதல். பிராக்கெட் 1978, இந்தக் கணக்குப்படி 2039 வரை பொறுக்க வேண்டும். இருவர் சேர்ந்து எழுதியதென்றால் கடைசியாக இறந்தவரின் ஆண்டை எடுங்கள். ‘ஸ்கைலார்க்’கின் பத்திரிகை வடிவத்தில் ஸ்மித்தோடு இன்னொருவர் பெயரும் உண்டு, அவர் இறந்த ஆண்டையும் பார்க்காமல் தொடாதீர்கள்.

செய்யும்போது இதழ், மாதம், ஆண்டு, இறந்த ஆண்டு, பிரதி எடுத்த இடம் ஆகிய ஐந்தையும் ஒரு தாளில் எழுதிக் கோப்போடு வையுங்கள். பின்னால் யாராவது கேட்டால் தேட வேண்டியதில்லை.

11. இல்லை, எனக்குக் காகிதமே வேண்டும் என்றால்

தடுக்க மாட்டேன். ஆனால் படிப்பதற்கு வாங்காதீர்கள், வைத்திருப்பதற்கு வாங்குங்கள். மரக்கூழில் உள்ள அமிலம் அந்தத் தாளை உள்ளிருந்தே தின்றுகொண்டிருக்கிறது. எவ்வளவு பதமாகப் புரட்டினாலும் ஒவ்வொரு புரட்டலும் ஒரு சேதம்.

விற்பவரிடம் பணம் கட்டுவதற்கு முன் நான்கு படம் கேளுங்கள்: முதுகு, தாள்களின் ஓரம், உள்ளடக்கப் பக்கம், பின்னட்டை. ஓரம் காபிப்பொடி நிறத்தில் இருந்தால் உள்ளே அப்பளம்தான். விளம்பரக் கூப்பன் எதையாவது வெட்டி எடுத்திருக்கிறார்களா என்று கேட்டு எழுத்தில் பதில் வாங்குங்கள். கூப்பனை வெட்டினால் அதன் முதுகுப்புறம் இருந்த கதையும் சேர்ந்து போயிருக்கும். இன்னொரு பொறி, தர வார்த்தை. பழைய புத்தக வியாபாரத்தில் ‘குட்’ என்றால் நல்லது இல்லை, ‘ஏதோ முழுசாக இருக்கிறது’ என்று அர்த்தம். நான் அந்த ‘குட்’டில்தான் ஏமாந்தேன். விற்றவர் பொய் சொல்லவில்லை, எனக்குத்தான் பாஷை தெரியவில்லை. ‘வெரி குட்’டுக்குக் கீழே போகாதீர்கள்.

பத்திரிகையின் விலையைப் பார்த்து மயங்காதீர்கள். எனக்கு வந்த இதழ் 1,150 ரூபாய், தபால் 1,600. மூன்று வாரம் என்றார்கள், ஏழு வாரம் ஆனது. இரண்டு மூன்று பேர் சேர்ந்து ஒரே பொட்டலமாக வரவழைத்தால் தபால் செலவு தலைக்குக் குறையும். மழைக்காலத்தில் வரவழைக்காதீர்கள்.

வந்த பிறகு அமிலமில்லாத அட்டை ஒன்றைப் பின்னால் வைத்து, பிளாஸ்டிக் உறையில் போட்டு, படுக்கை வசமாக வையுங்கள். நிறுத்தி வைத்தால் முதுகு வளையும். ராமபாணப் பூச்சிக்குப் பயந்து அந்துருண்டையை உறைக்குள்ளே போடாதீர்கள், அலமாரி மூலையில் போடுங்கள்.

என் இதழை அதற்கப்புறம் நான் திறக்கவில்லை. அதில் உள்ள கதைகளையெல்லாம் ஆர்கைவில் படித்துவிட்டேன். உடைந்துவந்த மூலையை ஒரு சின்னக் கவரில் போட்டு, மேலே பென்சிலால் பக்க எண் எழுதி, அட்டைக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறேன்.